பூமாலையும் பவனும்: அமைதிப்படைக் காலத்துப் போர்நியாயங்களும் வேதாரண்யக் கடற்கரையும்

ஆய்வுச் சுருக்கம்

1987 சூன் முதல் 1990 மார்ச் வரை இலங்கையில் இந்திய அரசு மேற்கொண்ட தலையீட்டிற்கு அவ்வப்போது வெவ்வேறு நியாயங்கள் கூறப்பட்டன. நிவாரணம், அமைதி காத்தல், ஆயுதக் களைவு, மாகாண ஆட்சியின் பாதுகாப்பு, நாட்டின் கடல்சார் பாதுகாப்பு என அவை அமைந்தன. ஒரு நியாயம் தோற்றபின் அடுத்தது புனையப்பட்டது என்பது பரவலான வாசிப்பு. அந்நியாயங்களுள் பெரும்பாலானவை 1987 சூலை 29ஆம் நாள் ஒப்பந்த ஆவணங்களிலேயே வெவ்வேறு அடுக்குகளில் இடம்பெற்றிருந்தன என்பதையும், மாறியது அவற்றைப் பொதுவெளியில் முன்னிறுத்திய வரிசையே என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. தொல்காப்பியப் புறத்திணை மரபைத் திறனாய்வுக் கருவியாகவும், வேதாரண்யம் கடற்கரையை நோக்குநிலையாகவும் கொண்டு, மக்கள் கருத்தைத் தேர்தல் முடிவுகளிலிருந்து பெறும் முறையின் குறைபாட்டையும் இது சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: அமைதிப்படை, இந்திய இலங்கை ஒப்பந்தம், புறத்திணை, வெட்சி, வேதாரண்யம், மக்கள் கருத்து.

முன்னுரை

அரசு ஒன்று போருக்குச் செல்லும்போது கூறும் காரணமும், போர் நீளும்போது கூறும் காரணமும், போர் முடிந்தபின் நினைவுக்குறிப்புகளில் எழுதப்படும் காரணமும் ஒன்றாயிருப்பது அரிது. அரசறிவியலார் இதனைப் பன்முறை ஆராய்ந்துள்ளனர். தமிழியல் ஆய்வுகளோ ஈழப்போர் சார்ந்த கவிதை, புனைகதை, தன்வரலாறு ஆகியவற்றின் மீது காட்டிய கவனத்தை அப்போருக்கு நியாயம் கற்பித்த சொற்களின் மீது காட்டவில்லை. போர் பற்றிய இலக்கியத்தை ஆராய்வோர் போரை அறிவித்த மொழியையும் ஒரு பனுவலாகக் கொண்டு ஆராய்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ஆய்வின் நோக்குநிலையாக வேதாரண்யம் அமைவதற்குக் காரணம் உண்டு. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், காவிரிப் படுகை கடலோடு முடியும் இடத்தில் கோடியக்கரை உள்ளது. அங்கிருந்து காங்கேசன்துறை அறுபது கிலோமீட்டருக்குள் அடங்கும் தொலைவு. சென்னையோ முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஆறுகாட்டுத்துறை, புஷ்பவனம், கோடியக்கரை ஆகிய ஊர்களின் மீனவர்க்கும் வடமராட்சிக் கரையின் கடலோடிகளுக்கும் இடையிலான தொடர்பு, அரசுகள் வரைந்த கடல் எல்லைக்கு மிகவும் முற்பட்டது. திருமறைக்காட்டுக் கோயில் நிருவாகத்தில் யாழ்ப்பாணத்து வரணியைச் சார்ந்த சைவ மரபினர் நெடுங்காலம் பங்கு கொண்டிருந்ததும் அத்தொடர்பின் ஒரு பகுதியே. 1983 சூலைப் படுகொலைகளுக்குப் பின் போராளி இயக்கங்களின் படகுகள் வந்து தங்கிய கரையும் இதுதான். ஆகவே புதுதில்லி கூறிய ஒவ்வொரு நியாயமும் இக்கரையில் ஏதேனும் ஒரு நடைமுறை மாற்றமாக உணரப்பட்டது. அறிக்கையின் சொல் கரையில் என்னவாயிற்று என்று கேட்பதற்கு இதனினும் பொருத்தமான இடமில்லை.

பூச்சூடலும் போர்நோக்கமும்

போரை அதன் நோக்கத்தால் வகைப்படுத்திய மரபு தமிழில் உண்டு. தொல்காப்பியப் புறத்திணையியல் ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், மண்ணாசையால் மேற்செல்லுதலை வஞ்சி என்றும், அரணை முற்றுதலை உழிஞை என்றும், வலிமையை நிலைநாட்டுதலே பொருளாக எதிர்நின்று பொருதலைத் தும்பை என்றும் பிரித்துரைக்கிறது. இவை பூக்களின் பெயர்களும் ஆகும். எந்நோக்கத்திற்காகப் போர் செய்யப்படுகிறது என்பதை வீரன் சூடிய பூ ஊரறிய உரைத்தது. நோக்கம் மாறினால் பூவும் மாறும். வெட்சியைச் சூடிக்கொண்டு அரணை முற்றுவதில்லை. புறப்பொருள் வெண்பாமாலை கரந்தை, காஞ்சி, நொச்சி ஆகியவற்றையும் சேர்த்துத் தாக்குவோன் பூவும் தடுப்போன் பூவும் வேறென்பதைத் தெளிவாக்கிற்று.

இம்மரபை ஒழுக்கம் நிறைந்த பழம்போரின் சான்றாகப் போற்றிவிட்டுக் கடந்து செல்லும் வழக்கம் நம் ஆய்வேடுகளில் மிகுதி. அவ்வாறு கடத்தற்கில்லை. வெட்சித் திணையைக் கூறுமிடத்துத் தொல்காப்பியம் நிரையைக் கவர்தலோடு அதனைப் பேணிக் காத்தலையும் சேர்த்துக் கூறுகிறது. நச்சினார்க்கினியர் இதற்கு அறம்சார் விளக்கம் தருகிறார்: போர் வருகிறது, விலகிச் செல்லுங்கள் என்ற அறிவிப்பை உணரும் ஆற்றல் ஆக்களுக்கு இல்லை; ஆதலின் அவற்றைத் தாமே களவினாற் கொண்டு வந்து பாதுகாத்தல் வேந்தர்க்குக் கடனாயிற்று என்பது அவர் கருத்தின் சாரம். செங்கம், தருமபுரிப் பகுதி நடுகற்களை இதனோடு ஒப்பிட்டு நோக்கின் வேறுபாடு புலப்படும். அக்கல்வெட்டுகள் தொறுக் கொண்டதையும் தொறு மீட்டுப் பட்டதையும் கூறுகின்றன. ஆக்களின் நலன் கருதிக் கொண்டதாகக் கூறுவதில்லை. க. கைலாசபதி முதலியோர் வீரயுகப் பாடல்களை ஆராய்ந்து காட்டியவாறு, நிரை அக்காலத்துச் செல்வம்; கவர்தல் செல்வம் ஈட்டும் வழி. பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த உரையாசிரியர் அச்செயலுக்குக் காப்பு என்னும் நியாயத்தை வழங்கினார். காலத்தால் பிந்திய நியாயம் செயலின் மூலக்காரணமாக மாற்றி வாசிக்கப்படுவதற்குத் தமிழ் உரைமரபிலேயே கிடைக்கும் தெளிவான சான்று இது.

எனவே புறத்திணை மரபு நமக்கு இரண்டு வினாக்களைத் தருகிறது. சூடிய பூவும் செய்த போரும் ஒத்திருந்தனவா? காப்பு என்னும் சொல் எப்போது, எவரால், எச்செயலின் மீது சேர்க்கப்பட்டது? திணையியலின்படி நெய்தலுக்குப் புறன் தும்பை என்பதையும், நாம் எடுத்துக்கொண்ட கரை நெய்தல் நிலம் என்பதையும் இங்கே குறிப்பிடலாம். அதைத் தற்செயல் என்பதற்கு மேல் நீட்டுதல் வேண்டா.

1987 சூன்: பூமாலை

1987 மே இறுதியில் இலங்கைப் படை வடமராட்சியில் பெருந்தாக்குதலைத் தொடங்கிற்று. சூன் 3ஆம் நாள் செஞ்சிலுவைச் சங்கக் கொடியுடன் இராமேசுவரத்திலிருந்து நிவாரணப் பொருள்களோடு புறப்பட்ட மீன்பிடிப் படகுகளை இலங்கைக் கடற்படை தடுத்துத் திருப்பியது. மறுநாள் பெங்களூரிலிருந்து கிளம்பிய ஐந்து சரக்கு வானூர்திகள், நான்கு மிராஜ் போர் வானூர்திகளின் காவலுடன், ஏறத்தாழ 25 டன் உணவு, மருந்துப் பொருள்களை யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது வீழ்த்தின. அந்நடவடிக்கையின் பெயர் பூமாலை.

இப்பெயர் கூர்ந்து நோக்கத்தக்கது. இலங்கைத் தலையீட்டில் இந்தியப் படை மேற்கொண்ட நடவடிக்கைகளுள் பரவலாக அறியப்பட்ட பெயர்களில் தமிழ்ச்சொல்லாக அமைந்தது இது ஒன்றே. அக்டோபரில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றச் செய்யப்பட்ட போருக்குப் பவன் என்று பெயர். வடமொழிவழி வந்த அச்சொல்லுக்குக் காற்று என்று பொருள். 1988இல் விராட், திரிசூல், செக்மேட் என்பன வந்தன. பெயரிடுவோர் எல்லா நேரங்களிலும் பொருள் கருதிப் பெயரிடுவதில்லை. ஆயினும் பெயர் எவர் காதுக்கு உரியது என்பதை மொழி காட்டிவிடுகிறது. பூமாலை என்பது தமிழர் கேட்கவேண்டிய பெயர். பவன் என்பது படை தனக்குள் வைத்துக்கொண்ட பெயர்.

இலட்சக்கணக்கானோர் வாழும் குடாநாட்டிற்கு 25 டன் பொருள் சில வேளை உணவுக்கும் போதாது. அதனை அனுப்பியோரும் அறிவர். நிவாரணம் என்பது அங்கே பொருளளவில் சிறிது, குறியீட்டளவில் பெரிது. தன் வான்வெளியின் இறைமை மீறப்பட்டதாகக் கொழும்பு முறையிட்டது. இந்தியாவோ மனிதநேயக் கடமை என்றது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாயிருந்தன. போர் வானூர்தி சூழ வந்த அரிசி மூட்டை, காப்பு என்னும் நியாயத்தையும் படைவலியின் அறிவிப்பையும் ஒருசேரச் சுமந்தது. வெட்சிக்கு நச்சினார்க்கினியர் கூறிய காப்பு விளக்கம் இங்கே செயலுக்குப் பின்னர் எழுதப்படாமல் செயலோடே வந்தது என்பதுதான் வேறுபாடு.

ஒப்பந்தத்தின் அடுக்குகள்

1987 சூலை 29ஆம் நாள் கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் குடியரசுத்தலைவர் ஜே. ஆர். ஜெயவர்தனவும் கையொப்பமிட்ட ஆவணம் மூன்று பகுதிகளைக் கொண்டது: ஒப்பந்தம், இணைப்பு, இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட மடல்கள். பெரும்பாலான விமரிசனங்கள் மூன்றையும் ஒன்றாகக் கலந்து பேசுகின்றன. பனுவலாகக் கொண்டு வாசிப்போர்க்கு அவை மூன்றும் வெவ்வேறு வாசகரை விளித்து எழுதப்பட்டவை என்பது புலனாகும்.

ஒப்பந்தத்தின் முதற்பகுதி உரிமையின் மொழியில் பேசுகிறது. இலங்கையின் ஒற்றுமை, இறைமை, நில ஒருமைப்பாடு ஆகியவற்றைப் பேணும் விருப்பத்தை முன்வைத்து, வடக்கும் கிழக்கும் தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழிடப் பகுதிகள் என்பதை ஏற்கிறது; இரு மாகாணங்களின் தற்காலிக இணைப்பையும் பின்னர் கிழக்கில் பொதுவாக்கெடுப்பையும் கூறுகிறது. 48 மணி நேரத்தில் போர்நிறுத்தம், அதன்பின் 72 மணி நேரத்தில் ஆயுத ஒப்படைப்பு என்னும் கால அளவுகளும் அங்கேதான் உள்ளன. நாற்பதாண்டுச் சிக்கலுக்கு மணிக்கணக்கில் கெடு வைத்த இத்துணிவு, பின்னாளைய போருக்கான முதல் வித்து என்று கருத இடமுண்டு. கையொப்பமிட்டோர் அரசுகள், ஆயுதம் ஒப்படைக்க வேண்டியவரோ ஒப்பந்தத்தில் கையொப்பமிடாதவர்.

இணைப்பில் வினைச்சொற்கள் மாறுகின்றன. முதற்பகுதியில் இந்தியா தீர்வுக்குப் பொறுப்பேற்று உத்தரவாதம் அளிக்கிறது. இணைப்பின் ஆறாம் கூறில், பகைமை நிறுத்தத்தை உறுதிசெய்யவும் தேவையாயின் நடைமுறைப்படுத்தவும் இந்திய அமைதி காக்கும் படைப்பிரிவு ஒன்றை இலங்கைக் குடியரசுத்தலைவர் அழைக்கலாம் என்கிறது. காத்தல், நடைமுறைப்படுத்தல் என்னும் இரு வினைகளும் ஒரே தொடரில் அமைந்துவிட்டன. அமைதியைக் காப்பவன் இருதரப்புக்கும் நடுவில் நிற்பான். நடைமுறைப்படுத்துபவன் ஒரு தரப்புக்கு எதிரில் நிற்பான். அக்டோபரில் படையின் பணி திடீரென மாறிவிட்டது என்று எழுதுவோர் இத்தொடரை மீண்டும் படித்தல் நலம். அப்பணிமாற்றத்திற்கான இலக்கணம் சூலையிலேயே எழுதப்பட்டிருந்தது.

மடல்களில் வேறோர் உலகம் விரிகிறது. திருகோணமலை முதலிய துறைமுகங்கள் இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்நாட்டின் படைப் பயன்பாட்டுக்கும் தரப்படமாட்டா. திருகோணமலை எண்ணெய்க் குதங்கள் இரு நாட்டுக் கூட்டு முயற்சியில் சீரமைக்கப்படும். வெளிநாட்டு வானொலி நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்ட வசதிகள் மறுஆய்வு செய்யப்படும். வெளிநாட்டுப் படை, உளவுப் பணியாளர் குறித்து இருதரப்பும் புரிந்துணர்வுக்கு வரும். பதிலாக, பிரிவினை பேசும் இலங்கைக் குடிமக்களை இந்தியா நாடுகடத்தும். இலங்கைப் பாதுகாப்புப் படைகளுக்குப் பயிற்சியும் தளவாடமும் வழங்கும். இவற்றுள் யாழ்ப்பாணத் தமிழரின் உரிமை பற்றி ஒரு சொல்லும் இல்லை. மண்நசையால் எழும் வஞ்சி என்று இதனைக் கூறுதல் மிகையாகும், ஏனெனில் நிலம் கொள்ளும் நோக்கம் இதில் இல்லை. கடலையும் துறைமுகத்தையும் பிறர் கொள்ளாமல் தடுக்கும் நோக்கம் உண்டு. தொல்காப்பியர் பட்டியலில் அதற்குப் பூ இல்லை.

இங்கே ஒன்றை வலியுறுத்த வேண்டும். மடல்கள் மறைக்கப்பட்டவை அல்ல, ஒப்பந்தத்துடன் வெளியானவை. ஆயினும் தமிழ்நாட்டில் ஒப்பந்தத்திற்கு ஆதரவு திரட்டப்பட்டபோது முன்னிறுத்தப்பட்டவை தமிழர்க்குக் கிடைக்கவிருக்கும் உரிமைகளே. ஆகஸ்ட் 2ஆம் நாள் சென்னைக் கடற்கரைப் பொதுக்கூட்டத்தில் ராஜீவ் காந்தியோடு முதல்வர் எம்.ஜி.ஆர். மேடையேறியது அம்முயற்சியின் உச்சம். திருகோணமலையை முன்வைத்து மெரினாவில் கூட்டம் சேர்க்க இயலாது; யாழ்ப்பாணத்தை முன்வைத்துச் சேர்க்கலாம். ஆதலின் நியாயங்கள் காலத்தால் மாறின என்பதைவிட, அவை அவையறிந்து பங்கிடப்பட்டன என்பதே பொருந்தும்.

வேதாரண்யம் கரைக்கு உரிய கூறு முதற்பகுதியின் இறுதியில், 2.16ஆம் பிரிவில் உள்ளது. இலங்கையின் ஒருமைப்பாட்டிற்குக் கேடான செயல்களுக்கு இந்திய நிலப்பகுதி பயன்படாதிருக்க இந்தியா ஆவன செய்யும் என்றும், இந்தியக் கடற்படையும் கடலோரக் காவற்படையும் இலங்கைக் கடற்படையோடு ஒத்துழைக்கும் என்றும் அது கூறுகிறது. நான்காண்டுகளாக அதிகாரிகள் கண்டும் காணாமலும் இருந்த படகுத்துறை இதனால் ஒரே நாளில் கண்காணிப்புக்கு உரிய எல்லையாக மாறியது. 1983க்குப் பின் போராளிகளுக்கு இடமும் பயிற்சியும் அளித்தது ஏதோ ஓர் ஊரின் தனிமுடிவன்று. மத்திய அரசின் அமைப்புகளே அதில் ஈடுபட்டிருந்தன. சூன் மாதம் செஞ்சிலுவைக் கொடியுடன் மீன்பிடிப் படகைக் கடலுக்கு அனுப்பிய அதே அரசு, சூலை முடிவில் மீன்பிடிப் படகை ஐயத்தோடு நோக்கும் கடமையை எழுத்தில் ஏற்றது. நியாயம் மாறியதன் தடத்தை நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்பில் தேடுவோர் இக்கரையையும் நோக்குதல் வேண்டும்.

1987 அக்டோபர்: ஒரே படை, இரு பெயர்

நிகழ்ச்சிகள் பலரும் அறிந்தவை, விரித்துரைக்க வேண்டுவதில்லை. செப்டம்பர் 26ஆம் நாள் நல்லூரில் திலீபன் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். அக்டோபர் தொடக்கத்தில் கடலில் கைதான விடுதலைப்புலிகளுள் பன்னிருவர் பலாலியில் நஞ்சுண்டு இறந்தனர். அதனைத் தொடர்ந்து கிழக்கில் சிங்களப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அக்டோபர் 10ஆம் நாள் யாழ்ப்பாணத்தின் மீது இந்தியப் படையின் தாக்குதல் தொடங்கிற்று. சில நாள்களில் முடியும் என எதிர்பார்க்கப்பட்ட போர் நகரைக் கைப்பற்றுவதற்கே இரு வாரங்களைக் கொண்டது. அக்டோபர் 21, 22 ஆகிய நாள்களில் யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவரும் செவிலியரும் கொல்லப்பட்டனர். முதல் நாள் தீபாவளி.

அரசின் கூற்று இப்போது ஆயுதக் களைவு என்பதாயிற்று: ஒப்பந்தத்தைப் புலிகள் மீறினர், படைக்கு வேறு வழியில்லை. இதில் உண்மையில்லை என்று தள்ளிவிட முடியாது. புலிகளின் நடத்தையை நியாயப்படுத்துவதும் இக்கட்டுரையின் பணியன்று. நாம் கேட்பது வேறு. பணி மாறிய பின்னும் பெயர் ஏன் மாறவில்லை? தும்பைப் போர் நிகழ்ந்துகொண்டிருக்க, படையின் பெயரில் அமைதி நீடித்தது. யாழ்ப்பாணத்தார் அப்பெயரைத் தம் பேச்சில் ஏற்கவில்லை. அவர்களுக்கு அது இந்தியன் ஆமி. இக்கரையில் அமைதிப்படை என்றும் அக்கரையில் இந்தியன் ஆமி என்றும் ஒரே படைக்கு ஒரே மொழியில் இரு பெயர்கள் வழங்கின. கருத்துக்கணிப்பு எதனினும் இச்சொல்வழக்கு நம்பத்தக்க சான்று என்று கருதுகிறேன், ஏனெனில் ஒருவரும் ஒரு வினாவுக்கு விடையாக அதனைச் சொல்லவில்லை.

தமிழ்நாட்டிலும் அச்சொல் நெடுநாள் மதிப்போடு நிலைக்கவில்லை. 1994இல் மணிவண்ணன் இயக்கிய திரைப்படத்திற்கு அமைதிப்படை என்று பெயர் சூட்டப்பட்டது. அதன் கதை இலங்கையைப் பற்றியது அன்று; சூழ்ச்சியால் உயரும் அரசியல்வாதி ஒருவனைப் பற்றியது. தலைப்பைக் கேட்டவுடன் பார்வையாளர் எள்ளலை எதிர்பார்த்தனர் என்பதே போதும். ஏழாண்டுகளில் ஓர் அரசாணைச் சொல் அங்கதச் சொல்லாகிவிட்டது. சொற்பொருள் மாற்றத்தை ஆராய்வோர்க்கு இத்துணைக் குறுகிய காலத்தில் நிகழ்ந்த எடுத்துக்காட்டு எளிதில் கிடைப்பதன்று.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் எழுதிய ‘முறிந்த பனை’ இக்காலத்தைப் பதிவுசெய்த நூல்களுள் தனித்து நிற்பதற்குக் காரணம், அது எந்தப் படையின் நியாயத்தையும் கடன் வாங்காமையே. இந்தியப் படை, இலங்கைப் படை, இயக்கங்கள் ஆகிய அனைத்தின் செயலையும் ஒரே அளவுகோலால் அது அளந்தது. அந்நூலாசிரியர்களுள் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டம்பர் 21ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார்.

மக்கள் கருத்தும் வாக்குப்பெட்டியும்

தமிழ்நாட்டு மக்கள் அமைதிப்படையை எதிர்த்தனர் என்று ஒரு சாராரும், தலையீட்டை வேண்டியவர்களே அவர்கள்தாம் என்று மற்றொரு சாராரும் எழுதுகின்றனர். இரண்டும் 1983க்கும் 1990க்கும் இடைப்பட்ட ஏழாண்டுகளை ஒரே நாளாக்கிவிடும் கூற்றுகள். 1983இல் தலையிடுக என்று கோரியவர்களே 1987இல் எதிர்த்தனர் என்பதில் முரண் இல்லை. தலையிடுக என்று கேட்டது தமிழரைக் காக்க. கோரிக்கையில் இருந்த காப்பு வேறு, ஒப்பந்தத்தில் வந்த காப்பு வேறு.

தேர்தல் முடிவுகளைச் சான்றாகக் காட்டுவோர் பெரும்பாலும் 1989 சனவரியோடு நின்றுவிடுகின்றனர். அத்தேர்தலில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது, காங்கிரஸ் தனித்து நின்று தோற்றது. அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்திருந்தமை அம்முடிவில் பெரும்பங்கு கொண்டது என்பதை அவர்கள் சொல்லாமல் விடுகின்றனர். அதே ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தபோது இந்தியப் படை இன்னும் இலங்கையில்தான் இருந்தது. படையை அனுப்பிய காங்கிரசும் அதன் தோழமைக் கட்சியான அ.தி.மு.க.வும் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 38ஐக் கைப்பற்றின. தி.மு.க.வுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சனவரி முடிவைப் போருக்கு எதிரான தீர்ப்பு என்போர் நவம்பர் முடிவைப் போருக்கு ஆதரவான தீர்ப்பு என்றும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அவ்வாறு எவரும் ஒப்புவதில்லை.

எஞ்சிய அந்த ஒரு தொகுதி நாகப்பட்டினம். வேதாரண்யம் அதில் அடங்கும். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மு. செல்வராசு அங்கே வென்றார். மாநிலம் முழுதும் ஒரு பக்கம் சாய்ந்தபோது, யாழ்ப்பாணத்தை மிக அண்மையில் நோக்கியிருந்த கடற்கரைத் தொகுதி மட்டும் மாறி வாக்களித்தது என்று எழுதிவிடும் ஆசை ஆய்வாளர்க்கு எழலாம். அவ்வாசை அடக்கப்பட வேண்டும். கீழத்தஞ்சையின் வாக்கு வரலாறு நிலத்தோடும் கூலியோடும் சாதியோடும் பிணைந்தது. பண்ணையாள் முறைக்கு எதிரான போராட்டமும் 1968 கீழ்வெண்மணியும் அப்பகுதியின் அரசியலை வடித்தவை. செங்கொடிக்கு அங்கிருந்த வேர் அமைதிப்படையினும் மிகப் பழையது. வாக்குப்பெட்டி ஒரே நேரத்தில் பல வினாக்களுக்கு ஒரே விடை தருவது. போர் பற்றிய கருத்தை அதிலிருந்து பிரித்தெடுக்கும் வழி நம்மிடம் இல்லை.

ஆகவே வேறு சான்றுகளை நாட வேண்டியுள்ளது. உள்ளூர் நாளிதழ்ப் பதிப்புகள், கடையடைப்பு அறிவிப்புகள், சுவரொட்டிகள், மீனவர் பஞ்சாயத்துத் தீர்மானங்கள், ஏதிலியர் வருகைப் பதிவுகள், படகோட்டிகளின் வாய்மொழி வரலாறு ஆகியவை அத்தகையன. இவற்றுள் கடைசியது விரைந்து அழிந்துவருகிறது. 1987இல் முப்பது வயதாயிருந்த கடலோடி இன்று எழுபதை நெருங்குகிறார். ஈழ இலக்கிய ஆய்வேடுகள் ஆண்டுதோறும் குவிகின்ற நம் துறைகள், கோடியக்கரை வரை சென்று ஒலிப்பதிவுக் கருவியை இயக்குவதற்கு இத்துணைத் தயங்குவது ஏன் என்பது விளங்கவில்லை.

இப்பகுதிக்கே உரிய முன்னிகழ்வு ஒன்றையும் நினைவுகூரலாம். 1930 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்துவந்து வேதாரண்யத்தில் உப்பெடுத்துச் சிறைசென்ற இராஜாஜி, 1939இல் சென்னை மாகாண முதல்வராயிருந்தார். இந்திய மக்களின் பேராளர்களைக் கலவாமலே இந்தியா போரில் இருப்பதாக வைசிராய் அறிவித்தார். காங்கிரஸ் செயற்குழு போரை உடனே எதிர்க்கவில்லை. இப்போரின் நோக்கங்கள் யாவை, அவை இந்தியாவுக்கும் பொருந்துமா என்று பிரிட்டனைக் கேட்டது. நிறைவான விடை வரவில்லை. அக்டோபர் இறுதியில் அமைச்சரவை பதவி விலகியது. நோக்கத்தை முதலில் உரைக்குமாறு கேட்ட அந்த வினா, 1987இல் ஆட்சியிலிருந்த அதே பெயருடைய கட்சியை நோக்கி நாடாளுமன்றத்தில் அத்துணை அழுத்தமாக எழவில்லை.

ஈராக்குப் போரோடு ஒப்பிடுவது இப்போது வழக்கமாகியுள்ளது. 2003இல் பேரழிவு ஆயுதங்கள் என்று தொடங்கி, அவை கிடைக்காதபோது மக்களாட்சியை நிறுவுதல் என்று அமெரிக்க அரசின் நியாயம் மாறியது. பிரிட்டனில் சில்காட் குழு 2016இல் விரிவான அறிக்கை தந்தது. ஒப்பீடு ஓரளவே பொருந்தும். அங்கே முதல் நியாயம் சரிபார்க்கத்தக்க ஓர் உண்மைக்கூற்று. பொய்த்தபின் வேறொன்று தேவையாயிற்று. இங்கே முதல் நியாயம் ஒரு வாக்குறுதி. வாக்குறுதியைப் பொய் என்று மெய்ப்பிக்க இயலாது. நிறைவேறும் நாள் இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டேயிருக்கலாம். மேலும், இலங்கைத் தலையீடு பற்றிச் சில்காட் குழுவுக்கு ஒப்பான விசாரணை எதுவும் இந்தியாவில் நடைபெறவில்லை.

வெளியேற்றமும் நினைவுக்குறிப்புகளும்

1988 நவம்பரில் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தல் நடந்தபின், அவ்வாட்சியையும் தமிழர் பாதுகாப்பையும் பேணுதல் படையின் இருப்புக்கு நியாயமாயிற்று. 1989 சூன் 1ஆம் நாள் குடியரசுத்தலைவர் பிரேமதாச, சூலை 29க்குள் படை வெளியேற வேண்டும் என்று வெளிப்படையாகக் கோரினார். அழைத்தவரின் நாடே போ என்றது. அமைதிப்படையின் சட்டப்பூர்வ அடித்தளம் இலங்கைக் குடியரசுத்தலைவரின் அழைப்பே என்பதை நினைவிற்கொண்டால், அந்நாளோடு அந்த அடித்தளம் தளர்ந்துவிட்டது. புதுதில்லி அதிகாரப் பகிர்வையும் தமிழர் பாதுகாப்பையும் வெளியேற்றத்தோடு இணைத்து மறுமொழி கூறிற்று. 1987 சூனில் அரிசி மூட்டையோடு வந்த காப்பு என்னும் நியாயம், வேறெல்லாம் தீர்ந்தபின் மீண்டும் முன்வந்தது. இடையில் அக்டோபர் நிகழ்ந்திருந்தமையால் கேட்போர்தாம் மாறியிருந்தனர்.

திசம்பரில் வி. பி. சிங் அரசு அமைந்தது. 1990 மார்ச் 24ஆம் நாள் கடைசிப் படையணி திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் அதற்குள் உயிரிழந்திருந்தனர். சென்னை வந்திறங்கிய படையை வரவேற்க முதல்வர் மு. கருணாநிதி செல்லவில்லை, தமிழரைக் கொன்ற படையைத் தம்மால் வரவேற்க இயலாது என்பது அவர் நிலைப்பாடு. அச்செயல் இன்றளவும் போற்றவும் தூற்றவும் படுகிறது. படையை அனுப்பியது ஓர் அரசியல் முடிவு, சென்றவர் ஆணைக்குட்பட்ட படைவீரர் என்னும் வேறுபாடு அதில் மறைந்துவிட்டதாகக் குறை கூறுவோர் உளர். அவ்வேறுபாட்டை முதலில் மறைத்தது படைக்கு அமைதி என்று பெயரிட்டு அனுப்பிய அரசே.

பின்னர் நினைவுக்குறிப்புகள் வெளியாயின. கொழும்பில் தூதராயிருந்த ஜே. என். தீட்சித்தும், படைத்தலைமையிலிருந்த தீபிந்தர் சிங், ஹர்கிரத் சிங், சர்தேஷ்பாண்டே ஆகியோரும் நூல்கள் எழுதினர். தூதரின் நூலில் அமெரிக்கா, பாகிஸ்தான், இஸ்ரேல் ஆகியவற்றோடு கொழும்பு கொண்டிருந்த தொடர்புகள் குறித்த கவலை முதன்மை பெறுகிறது. மடல்களில் இருந்தது நூலின் மையத்திற்கு வந்துவிட்டது. படைத்தலைவர்களின் நூல்களில் பணி என்ன என்பது தெளிவாக உரைக்கப்படவில்லை என்னும் குறை திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அனுப்பியவர் ஒரு பூவைச் சொல்ல, சென்றவர் எப்பூவைச் சூடினோம் என்று அறியாதிருந்தனர். இந்நூல்கள் யாவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தமிழில் இக்காலத்தைப் பற்றி நமக்குக் கிடைப்பவை பெரிதும் அக்கரையின் எழுத்துகளே. அமைதிப்படையில் பணியாற்றி ஊர் திரும்பிய தமிழ்ப் படைவீரரின் எழுத்தும், 2.16ஆம் பிரிவின் கீழ் வாழ நேர்ந்த கோடியக்கரை மீனவரின் எழுத்தும் நம் நூலகங்களில் தேடிக் காணவேண்டிய அளவில்தான் உள்ளன.

இறந்த இந்தியப் படையினர்க்கான நினைவுத்தூண் கொழும்புக்கு அருகே பத்தரமுல்லையில் 2008இல் கட்டப்பட்டது. புதுதில்லித் தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டது 2019இல்.